ஜெர்மனியில் நீண்டநாள் தங்குபவர்களுக்கு: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

படிப்புக்கோ வேலைக்கோ ஜெர்மனிக்குப் போய் ஓராண்டு, ஈராண்டு தங்குபவர்களைத் தொல்லைப்படுத்தும் கோளாறுகளில் பெரும்பாலானவை, தெரிகிற இடத்தில் பிறந்தவை அல்ல. சம்பளத்தில் வரி எக்கச்சக்கமாகப் பிடித்திருக்கும். காரணம் தபால் பெட்டியில் இருக்கும். வீடு முழுக்க இருட்டாகும். காரணம் ஊரிலிருந்து கொண்டுபோன மிக்ஸியில் இருக்கும். அதனால் கீழே அறிகுறியைத் தலைப்பாக வைத்து, எதை முதலில் பார்ப்பது, அது இல்லையென்றால் அடுத்து எதைப் பார்ப்பது என்று வரிசைப்படுத்தியிருக்கிறோம். உங்களுக்கு வந்த தொல்லைக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

வரவேண்டிய கடிதம் எதுவும் வரவில்லை

வங்கி அட்டையின் ரகசிய எண் (PIN), மருத்துவக் காப்பீட்டு அட்டை, வரி அடையாள எண் என எல்லாமே அங்கே காகிதக் கடிதமாகத்தான் வரும். மூன்று வாரமாகியும் ஒன்றுமே வரவில்லையென்றால் வங்கிக்குப் போன் போடாதீர்கள். கீழே இறங்கிப்போய்த் தபால் பெட்டியைப் பாருங்கள். அதில் உங்கள் பெயர் இருக்கிறதா?

நம் ஊரில் கதவு எண்ணும் பிளாட் எண்ணும் இருந்தால் தபால்காரர் வந்துவிடுவார். ஜெர்மன் முகவரியில் பெரும்பாலும் பிளாட் எண்ணே கிடையாது. தெரு, கட்டட எண், அஞ்சல் குறியீடு, ஊர் அவ்வளவுதான். ஒரே வாசலில் 20 பெட்டிகள் இருக்கும். தபால்காரர் அவற்றில் ஒட்டியிருக்கும் பெயரை வைத்தே கடிதத்தைப் போடுவார். பெயர் இல்லையென்றால் 'பெறுநர் தெரியவில்லை' என்று குறித்து அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார். உங்களுக்குத் தகவல்கூட வராது.

தமிழர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரோ அதன் முதலெழுத்தோதான் உண்டு. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் ஓர் அலுவலகம் உங்கள் பெயரையே குடும்பப் பெயராக எழுதும், இன்னொன்று அப்பா பெயரை எழுதும். கடிதம் எந்தப் பெயரில் வேண்டுமானாலும் வரலாம். எனவே பெட்டியில் செல்லப் பெயரையோ இனிஷியல் போட்ட பெயரையோ எழுதாமல், கடவுச்சீட்டில் உள்ள இரண்டு பெயர்களையும் முழுதாக எழுதுங்கள். வாசலில் உள்ள அழைப்பு மணியிலும் அதையே ஒட்டுங்கள். பார்சல்காரர் பார்ப்பது அதைத்தான். முறையான பெயர்த் தகட்டைக் கட்டடப் பராமரிப்பாளர் போட்டுத் தருவார். அதுவரை காகிதமும் செலோடேப்பும் போதும். வேறொருவர் பெயரில் உள்ள வீட்டில் உள்வாடகைக்கு இருந்தால், உங்கள் பெயருக்குக் கீழே 'சி/ஓ' என்று போட்டு அவர் பெயரையும் முகவரியில் சேர்க்கச் சொல்லுங்கள்.

பெயர் சரியாக இருந்தும் 11 இலக்க வரி அடையாள எண் வரவில்லையா? அந்த எண் முகவரிப் பதிவு முடிந்த பிறகு தானாகக் கிளம்புவது. பதிவை அங்கே 'அன்மெல்டுங்' என்பார்கள். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். வாடகை ஒப்பந்தம் மட்டும் அதற்குப் போதாது. வீட்டுக்காரர் கையெழுத்திட்ட 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்' என்ற ஒருபக்கப் படிவம் வேண்டும். பலர் அதில்லாமல் போய்த் திரும்பி வருகிறார்கள். இரண்டு வாரத்துக்குள் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லையென்றால், கிடைக்கிற தேதியை உடனே பதிவு செய்து, பதிவு செய்த நாள் தெரியும்படி அந்தப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். பிறகு தினமும் காலையில் பாருங்கள். ரத்தான இடங்கள் அப்போதுதான் திறக்கும். பதிவு முடிந்தும் எண் வரவில்லையென்றால் மத்திய வரி அலுவலகத்தின் இணையப் படிவத்தில் மறுபடி கேட்கலாம். அதுவும் தபாலில்தான் வரும், மின்னஞ்சலில் வராது. எண் இல்லாதவரைக்கும் சம்பளத்தில் ஆறாம் வரி வகுப்பின்படி அதிகம் பிடிக்க வாய்ப்புண்டு. எண் கொடுத்த பிறகு கணக்கு நேராகிவிடும். பணம் போய்விட்டதென்று பதற வேண்டாம்.

பதிவு முடிந்த சில வாரங்களில், எங்கும் கையெழுத்துப் போடாத ஒரு சந்தாவுக்குப் பணம் கேட்டுக் கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08 யூரோ. இது மோசடி அல்ல. பொது ஒலிபரப்புக்கான கட்டணம். டிவி இல்லாவிட்டாலும் உண்டு. ஆனால் இது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. ஒரே வீட்டில் நால்வர் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும். மற்ற மூவரும் கட்டுபவரின் கட்டண எண்ணை எழுதிப் பதில் அனுப்ப வேண்டும். பதிலே அனுப்பாமல் விட்டால்தான் ஒவ்வொருவர் பெயரிலும் பாக்கி ஏறும்.

மஞ்சள் நிற உறையில் வரும் கடிதத்தை மட்டும் ஒருநாளும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள். உறையின்மேல் தபால்காரர் கையால் ஒரு தேதி எழுதியிருப்பார். நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் சட்டப்படி அந்தத் தேதியில் கடிதம் உங்களிடம் சேர்ந்துவிட்டது. அபராதக் கடிதமாக இருந்தால் ஆட்சேபிக்க இரண்டே வாரம். உறையையும் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் ஆதாரம்.

இந்திய வங்கியின் ஓடிபி வரவில்லை

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. ஊரில் இருக்கும் ஒருவரை உங்கள் இந்திய எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லி, என்ன கேட்கிறது என்று விசாரியுங்கள்.

மணி அடித்தால் சிம் உயிரோடு இருக்கிறது. கோளாறு உங்கள் போனில். இந்திய சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றி, டெலிகாம், வோடஃபோன், ஓ2 மூன்றையும் ஒவ்வொன்றாக முயன்று பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரு நிமிடம் விமானப் பயன்முறையில் வைத்து எடுங்கள். ஜெர்மனியில் 3ஜி 2021இலேயே மூடப்பட்டுவிட்டது. அதனால் போனை '3ஜி மட்டும்' என்று வைத்திருந்தால் சிக்னலே வராது. '4ஜி மட்டும்' என்று வைத்திருந்தாலும் சில இந்திய சிம்களுக்குக் குறுஞ்செய்தி வராமல் போகும். எல்லாத் தலைமுறையையும் அனுமதிக்கும் தானியங்கி நிலைதான் சரி.

'அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்று கேட்டால் சர்வதேச ரோமிங் இயக்கப்படவில்லை, அல்லது சிம்மின் திட்டம் முடிந்திருக்கிறது. திட்டத்தை இந்தியாவிலிருந்து யாராவது ரீசார்ஜ் செய்யலாம். ரோமிங்கை நிறுவனத்தின் செயலியில் இயக்கலாம். இதை விமானம் ஏறுமுன் செய்வதே உத்தமம், ஏனென்றால் சில செயலிகள் உள்ளே நுழையவே ஓடிபி கேட்கும்.

'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்று கேட்டால் அவசரமாகச் செயல்பட வேண்டும். ரீசார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்த எண்ணை நிறுவனம் ரத்து செய்து, பின்னர் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அப்புறம் உங்கள் வங்கிக் கணக்கின் ஓடிபி முன்பின் தெரியாதவர் கைக்குப் போகும். அன்றே வங்கிக்குத் தெரிவித்து அந்த எண்ணைக் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லுங்கள்.

நிலையான தீர்வு வேறு. வெளிநாட்டில் குடியிருப்பவர் சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி அதை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவருக்கான ரூபாய்க் கணக்காக, மாற்ற வேண்டும். மாற்றும்போதே ஜெர்மன் எண்ணையும் மின்னஞ்சலையும் பதிவு செய்யக் கேளுங்கள். பல வங்கிகள் இத்தகைய கணக்குகளுக்கு வெளிநாட்டு எண்ணிலோ மின்னஞ்சலிலோ ஓடிபி அனுப்புகின்றன. யுபிஐ நிலைமை வேறு. 2023இல் வெளிநாட்டு எண்களுக்கு யுபிஐ திறந்துவிடப்பட்டபோது முதல் 10 நாடுகளில் சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன், அமீரகம் எல்லாம் இருந்தன, ஜெர்மனி இல்லை. எனவே யுபிஐக்காகவாவது இந்திய எண்ணை உயிரோடு வைத்திருங்கள். வங்கியைக் கூப்பிடும்போது நேரக் கணக்கையும் மறக்க வேண்டாம். இந்தியா கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் முன்னால் இருக்கும்.

மிக்ஸியைப் போட்டதும் கரண்ட் போய்விட்டது

ஜெர்மனியிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். அதனால் மின்மாற்றி எதுவும் தேவையில்லை. அமெரிக்கா போகிறவர்களுக்கான அறிவுரையைக் கேட்டு ஜெர்மனிக்கும் கனமான டிரான்ஸ்பார்மர் சுமந்து போகாதீர்கள். பொருந்தாதது பிளக் மட்டும்.

எவ்வளவு இடம் இருட்டானது என்று பாருங்கள். ஓர் அறை மட்டும் போயிருந்தால் அந்தச் சுற்றின் 16 ஆம்பியர் டிரிப் சுவிட்ச் விழுந்திருக்கிறது. ஒரே சுற்றில் கெட்டில் 2,000 வாட், ஹீட்டர் 2,000 வாட் என்று சேர்த்துப் போட்டிருப்பீர்கள். 16 ஆம்பியர் தாங்குவது சுமார் 3,600 வாட். ஒன்றைக் கழற்றிவிட்டு சுவிட்சை மேலே தள்ளினால் போதும்.

வீடே இருண்டிருந்தால் விழுந்தது 'எஃப்ஐ' என்று எழுதியிருக்கும் கசிவுத் தடுப்பு சுவிட்ச். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது விழும். ஊரில் இத்தகைய சுவிட்ச் இல்லாத வீட்டில் பத்து வருடம் ஓடிய மிக்ஸியில் ஈரமோ பழைய காப்புறையோ காரணமாக லேசான கசிவு இருந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. எல்லா பிளக்குகளையும் கழற்றுங்கள், எஃப்ஐயை மேலே தள்ளுங்கள், ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. மிக்ஸி என்றால் இரண்டு நாள் காயவைத்துப் பாருங்கள். மறுபடி விழுந்தால் அந்த மிக்ஸி ஆபத்தானது, வைத்திருக்க வேண்டாம். எதுவுமே செருகாமல் விழுந்தால் கோளாறு வீட்டு வயரிங்கில், வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள்.

அடாப்டர் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். அங்குள்ள 'ஷுக்கோ' பிளக்கில் எர்த் என்பது மூன்றாவது முள் அல்ல, பக்கவாட்டில் உள்ள இரண்டு உலோகப் பட்டைகள். விமான நிலையத்தில் விற்கும் பல்நாட்டு அடாப்டர்கள் பலவற்றில் அந்தப் பட்டைக்கு இணைப்பே இராது. நம் மூன்று முள் பிளக் உள்ளே போகும், மிக்ஸியும் ஓடும், ஆனால் எர்த் இருக்காது. பக்கப் பட்டை உள்ள, 16 ஆம்பியர் என்று குறித்த அடாப்டரை வாங்குங்கள்.

அடுப்பு எரிகிறது, குக்கர் சூடாகவில்லை

பலகையில் சாவிப் படமோ 'எல்' எழுத்தோ ஒளிர்ந்தால் அது குழந்தைப் பூட்டு. சாவிப் பொத்தானை நாலைந்து வினாடி அழுத்திப் பிடித்தால் திறக்கும். துடைக்கும்போது தெரியாமல் அழுத்தி, அடுப்பு கெட்டுவிட்டதென்று பழுதுபார்ப்பவரை அழைப்பவர்கள் நிறைய.

பூட்டு இல்லையென்றால், அது இண்டக்‌ஷன் அடுப்பா என்று பாருங்கள். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைக் குக்கரின் அடியில் வையுங்கள். ஒட்டவில்லையென்றால் அந்த அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷனில் ஒருபோதும் சூடேறாது. ஒட்டியும் சூடாகவில்லையென்றால் பாத்திரம் சிறியது: தாளிப்புக் கரண்டியை அடுப்பு பாத்திரமாகவே அடையாளம் காணாது, அடியில் சுமார் 12 செ.மீ. அகலமாவது வேண்டும். கண்ணாடிக்கு அடியில் சிவப்பாகத் தகிக்கும் சாதா மின் அடுப்பில் அலுமினியமும் வேலை செய்யும். அங்கே பார்க்க வேண்டியது அடி தட்டையாக இருக்கிறதா என்பதுதான். அந்த அடுப்பு மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறும். அணைத்த பிறகும் இரண்டு விசில் வரலாம். அதனால் மூன்று விசில் வேண்டுமென்றால் முதல் விசிலிலேயே அணைத்துவிடுங்கள்.

தாளிக்கும்போது புகை அலாரம் அலறுகிறது

இதில் நம்மவர்கள் இயல்பாகச் செய்யும் காரியம்தான் தவறு. மிளகாய் நெடி ஏறியதும் சமையலறைக் கதவைத் திறந்துவிடுகிறோம். நெடியும் எண்ணெய்ப் புகையும் நடைவழிக்குப் போகின்றன. அலாரம் பெரும்பாலும் இருப்பது சமையலறையில் அல்ல, படுக்கையறையிலும் நடையிலும்தான். மாணவர் விடுதியில் நடை அலாரம் நேராகத் தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருந்தால் வண்டி வந்துவிடும், செலவை உங்களிடம் கேட்க வாய்ப்பும் உண்டு. எனவே தாளிக்குமுன் சமையலறைக் கதவைச் சாத்துங்கள், ஜன்னலை முழுதாகத் திறந்துவிடுங்கள். அடுப்புக்கு மேலே உள்ள புகைபோக்கியை நம்பிவிடாதீர்கள். வாடகை வீடுகளில் அது பெரும்பாலும் காற்றைக் கரி வடிகட்டி வழியாகச் சுற்றி அறைக்குள்ளேயே விடும் வகை. வடிகட்டி பழையதென்றால் அது வெறும் சத்தம்.

எண்ணெய் புகையும்வரை காயவிடாமல், கடுகு போட்டதும் வெடிக்கும் சூட்டில் நிறுத்தி, மிளகாயைக் கடைசியில் போட்டு உடனே மூடினாலே பாதி நெடி குறையும். அலாரத்தைக் கழற்றி வைப்பதோ உறை மாட்டுவதோ வேண்டாம். இரவில் தீப்பிடித்தால் எழுப்ப அது ஒன்றுதான் இருக்கிறது. யாரும் சமைக்காதபோது நிமிடத்துக்கொரு முறை 'கீச்' என்று கேட்டால் அது பேட்டரி தீர்ந்ததற்கான அடையாளம்.

இட்லி மாவு பொங்கவில்லை

மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர்கள் 25 முதல் 30 டிகிரியில் நன்றாக வேலை செய்யும். குளிர்கால ஜெர்மன் சமையலறை 18 முதல் 20 டிகிரி இருக்கும். அதனால் மாவு கெட்டதல்ல, தூங்குகிறது. சூட்டைக் கொடுக்க வேண்டும், ஆனால் அளவோடு. ரேடியேட்டர் மேல் வைத்தால் அடி வெந்து மேல் காயும்.

ஓவனைச் சூடாக்காமல், உள் விளக்கை மட்டும் போட்டுப் பாத்திரத்தை உள்ளே வைப்பது நல்ல வழி. ஆனால் புதிய ஓவன்களில் எல்இடி விளக்கு இருந்தால் அது சூடே தராது. அப்போது ஒரு பெரிய பாத்திரத்தில் கொதிநீர் ஊற்றி ஓவனுக்குள் மாவுக்குப் பக்கத்தில் வைத்து, ஆறு மணிக்கொரு முறை மாற்றுங்கள். 'ஈஸ்ட் மாவு' என்று 40 டிகிரிக்கு மேல் வைக்கும் அமைப்பைத் தவிர்க்கலாம். அந்தச் சூட்டில் மாவு புளிக்கும், பொங்காது. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். கடைசியில் உப்புப் போட்டுக் கையால் கலக்குங்கள். அரைக்கும்போது கோடையில் ஐஸ் தண்ணீர் ஊற்றுவோம். அங்கே குளிர்காலத்தில் வெதுவெதுப்பான தண்ணீர். எட்டு மணி நேரத்தில் எழும்பவில்லையென்று கைவிடாதீர்கள், 14 முதல் 18 மணி நேரம்கூட ஆகும். இட்லி அரிசி சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது. ஈழத்தமிழர் கடைகள் பல ஜெர்மன் ஊர்களில் உண்டு, அங்கே கிடைக்கும்.

ரேடியேட்டர் சூடாகவில்லை, அல்லது பாதிதான் சூடாகிறது

கைப்பிடியில் உள்ள 1 முதல் 5 வரையான எண்கள் வேகம் அல்ல, வெப்பநிலை. 3 என்றால் சுமார் 20 டிகிரி, ஓர் எண்ணுக்கு ஏறத்தாழ 4 டிகிரி. 5இல் வைத்தால் சீக்கிரம் சூடாகாது. 28 டிகிரி வரும்வரை நிற்காது, அவ்வளவுதான். பில்தான் ஏறும்.

கீழே சூடு, மேலே ஜில்லென்றால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. 'களக் களக்' என்ற சத்தமும் வரும். கருவிக் கடையில் சில யூரோவுக்கு 5 மி.மீ. சதுரச் சாவி கிடைக்கும். ரேடியேட்டரின் மேல் முனையில் உள்ள திருகுக்கு அடியில் ஒரு டம்ளரைப் பிடித்துக்கொண்டு, கால் சுற்று இடப்பக்கம் திருப்புங்கள். 'உஸ்' என்று காற்று போகும். தண்ணீர் சீராக வந்ததும் மூடுங்கள். முழுதாகக் கழற்றிவிடாதீர்கள், கறுப்புத் தண்ணீர் பீய்ச்சும்.

முழு ரேடியேட்டரும் ஜில்லென்று, பக்கத்து அறையுடையது சூடாக இருந்தால், வால்வின் ஊசி சிக்கியிருக்கிறது. கோடை முழுக்க மூடிக் கிடந்த பிறகு அக்டோபரில் அடிக்கடி நடப்பது இது. கைப்பிடியை 5க்குத் திருப்பி, அதைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கழற்றினால் சிறு உலோக ஊசி தெரியும். அதை ஒரு மரத்துண்டால் சிலமுறை உள்ளே அழுத்துங்கள். தானாக வெளியே வர வேண்டும். இடுக்கியால் இழுக்காதீர்கள், ஊசி கழன்று வந்தால் வீடு வெள்ளக்காடாகும். ரேடியேட்டர் முகத்தில் ஒட்டியிருக்கும் சிறு அளவுமானியையும் தொட வேண்டாம். செலவுக் கணக்கு அதில்தான் ஓடுகிறது.

சுவர் மூலையில் கறுப்புப் புள்ளிகள்

பூஞ்சை. தினமும் சோறு வடிப்பதும், அறைக்குள் துணி காயப்போடுவதும், குளிருக்கு பயந்து ஜன்னலைத் திறக்காததும் சேர்ந்து காற்றில் ஈரம் ஏறுகிறது. அந்த ஈரம் வெளிச்சுவரின் குளிர்ந்த மூலையில் படிகிறது. அலமாரியின் பின்புறத்தையும் பாருங்கள், அங்கேதான் முதலில் வரும்.

துடைக்குமுன் படம் எடுத்து, வீட்டுக்காரருக்கு எழுத்து வடிவில் தெரிவியுங்கள். இதைச் செய்யாதவர்கள் வீடு காலி செய்யும்போது முன்பணத்தை இழக்கிறார்கள். அரை சதுர மீட்டருக்குக் குறைவான இடத்தை நீங்களே துடைக்கலாம்: 70 முதல் 80 சதவீத ஆல்கஹால், கையுறை, முகக்கவசம், திறந்த ஜன்னல், பக்கத்தில் நெருப்பு கூடாது. வினிகர் வேண்டாம், சுண்ணாம்பு கலந்த பூச்சு அதன் அமிலத்தைச் சாகடித்துவிடும். குளோரின் தெளிப்பான் பயன்படுத்தினால் அதோடு எந்த அமிலத்தையும் சேர்க்கவே கூடாது, விஷவாயு கிளம்பும். அரை சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தாலோ துடைத்தும் திரும்ப வந்தாலோ சுவருக்குள் நீர்க்கசிவு இருக்கலாம். அதைப் பார்ப்பது வீட்டுக்காரர் பொறுப்பு.

திரும்ப வராமலிருக்க ஜன்னலை நாள் முழுக்கச் சாய்த்து வைக்காதீர்கள். சாய்த்த ஜன்னல் காற்றை மாற்றாது. சுற்றுச் சுவரைக் குளிரவைத்துப் பூஞ்சைக்கு இடம் தயாரித்துக் கொடுக்கும். காலை, மாலை, சமைத்த பின், குளித்த பின் என்று ரேடியேட்டரை மூடிவிட்டு ஜன்னலை முழுதாகத் திறந்து 5 முதல் 10 நிமிடம் விடுங்கள். 'ஷ்டோஸ்லுஃப்டன்' என்று அங்குள்ளவர்கள் சொல்வது இதைத்தான். பல வாடகை ஒப்பந்தங்களில் இது எழுதியே இருக்கும். 10 யூரோ அளவுக்கு ஈரமானி ஒன்று வாங்கி வையுங்கள். 40 முதல் 60 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஐந்தாறு செ.மீ. தள்ளிப் போடுங்கள்.

கெட்டிலில் வெள்ளைப் படிவு

பல ஊர்களில் குழாய்நீர் கடினநீர். குடிக்கத் தகுந்ததுதான், பாத்திரத்துக்குத்தான் கேடு. ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத் தூள் போட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள். கொதிக்க வைக்காதீர்கள்: சூட்டில் வேறொரு கரையாத உப்பு உருவாகி இன்னும் கெட்டியாக ஒட்டும். துணி விறைப்பாக வருவதற்கும் இதே நீர்தான் காரணம். சோப்புத்தூள் பெட்டியின் பின்புறம் நீரின் கடினத்துக்கேற்ற அளவு இருக்கும், 'ஹார்ட்' என்ற வரியைப் பாருங்கள்.

குப்பை போடப் போனேன், கதவு சாத்திக்கொண்டது

வெளிப்பக்கம் குமிழ் மட்டுமே இருக்கும் கதவு, சாத்தினாலே பூட்டியதுபோல்தான். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பர எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள், நூற்றுக்கணக்கான யூரோ பிடுங்கும் கூட்டம் அங்கேதான் இருக்கிறது. முதலில் வீட்டுக்காரர், பராமரிப்பாளர். பிறகு உள்ளூர்க் கடை முகவரி உள்ள பூட்டுக்காரர். போனிலேயே இரண்டைச் சொல்லுங்கள்: கதவு 'சாத்திக்கொண்டது, சாவி போட்டுப் பூட்டவில்லை', பயணச் செலவு, இரவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்த விலை என்ன. சாத்திக்கொண்ட கதவை எதையும் உடைக்காமல் சில நிமிடத்தில் திறக்கலாம். வந்தவர் உடனே பூட்டைத் துளைக்க ஆரம்பித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். பேசிய தொகைக்கு மேல் மிரட்டினால் 110, போலீஸ்.

பக்கத்து வீட்டில் மாற்றுச் சாவி கொடுத்து வைத்திருந்தாலும், உள்ளே பூட்டில் ஒரு சாவி தொங்கினால் பல பூட்டுகளில் வெளியிலிருந்து அது வேலை செய்யாது. உள்ளே சாவியைத் தொங்கவிடும் பழக்கத்தை விடுங்கள். சாவி தொலைந்தாலோ விஷயம் பெரிது: கட்டடம் முழுக்க ஒரே பூட்டுத் தொகுதி என்றால் எல்லாப் பூட்டையும் மாற்றும் செலவு ஆயிரக்கணக்கில் போகும். தனிநபர் பொறுப்புக் காப்பீடு எடுக்கும்போது சாவி இழப்பும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு எடுங்கள்.

அம்மா அனுப்பிய பார்சல் சுங்கத்தில் நிற்கிறது

உள்ளே என்ன என்று கேளுங்கள். நெய், பால்கோவா, கருவாடு தவிர்த்த இறைச்சி வகைகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரக் கூடாது. பெட்டியிலும் கூடாது, தபாலிலும் கூடாது. கருவேப்பிலை, மாம்பழம் போன்ற பசுமையான எதற்கும் 2019 டிசம்பர் முதல் தாவர நலச் சான்று வேண்டும். வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டுரியன் ஐந்துக்கு மட்டும் விலக்கு. மசாலாப் பொடி, ஊறுகாய், வறுத்த வடகம் பிரச்சினை தராது.

அதிகம் சிக்குவது மருந்து. இந்தியாவிலிருந்து தனிநபருக்குத் தபாலில் மருந்து வருவது ஜெர்மனியில் அனுமதிக்கப்படாது. கூரியர்காரர் வாங்கிக்கொள்வார், சுங்கம் நிறுத்திவிடும். நேரில் பயணம் செய்யும்போது சொந்தத் தேவைக்கு மூன்று மாத அளவு, மருத்துவர் சீட்டோடு கொண்டுபோகலாம். தைராய்டு, ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை தொடர்ந்து சாப்பிடுபவர்கள் முதல் மூன்று மாதத்துக்குள் உள்ளூர் மருத்துவரைப் பார்த்துச் சீட்டு வாங்கிவிட வேண்டும். வணிகப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது, மூலப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் எழுதி வைத்திருங்கள்.

பரிசுப் பார்சலுக்கு 45 யூரோ மதிப்பு வரை வரி இல்லை. அனுப்புபவர் பொருள்வாரியாக விலையை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். 'வீட்டுப் பொருள்கள்' என்று மொத்தமாக எழுதியது நிச்சயம் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல்

உயிருக்கு ஆபத்தென்றால் 112. அவசரம்தான், ஆனால் ஆபத்தில்லை என்றால் 116117. விடுமுறைநாள் மருத்துவரிடம் வழிகாட்டுவார்கள். பாராசிட்டமால்கூட சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது, மருந்தகத்தில்தான். சீட்டில்லாமல் 500 மி.கி. மாத்திரை ஒரு பெட்டிக்கு 20 மட்டும். எல்லா மருந்தகமும் மூடியிருந்தால் ஏதாவதொரு மருந்தகக் கதவைப் பாருங்கள், அன்று திறந்திருக்கும் கடையின் முகவரி ஒட்டியிருக்கும். காப்பீட்டு அட்டை இன்னும் வரவில்லையென்றால் காப்பீட்டு நிறுவனத்தை அழைத்து மாற்றுச் சான்று கேளுங்கள். பொதுக் காப்பீடு என்றால் மருத்துவமனைக்கே அனுப்பிவிடுவார்கள். வேலைக்குப் போகிறவர்கள் முதல் நாளே, வேலை தொடங்குமுன், அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். நோய் மூன்று நாளைத் தாண்டினால் மருத்துவர் சான்று கட்டாயம்; சில ஒப்பந்தங்களில் முதல் நாளிலிருந்தே.

தங்கும் அனுமதி முடியப்போகிறது, அப்பாயின்ட்மென்ட் இல்லை

சட்டம் பார்ப்பது அப்பாயின்ட்மென்ட் தேதியை அல்ல, விண்ணப்பித்த தேதியை. அனுமதி முடியும் நாளுக்கு முன்பே விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகக் கொள்ளப்படும். ஒருநாள் தாமதித்தாலும் இந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைக்காது. எனவே மூன்று மாதம் முன்னதாக இணையப் படிவத்திலோ, அது இல்லாத ஊரில் மின்னஞ்சலிலோ வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு விண்ணப்பத்தை முழு ஆவணங்களோடு அனுப்பி, அனுப்பிய நாள் தெரியும் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதிலே இல்லையென்றால் அதையே அச்சிட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அதற்கு முன் கடவுச்சீட்டின் ஆயுளைப் பாருங்கள். அது ஆறு மாதத்தில் முடிவதென்றால் புதிய அட்டையும் அதோடு முடிந்துவிடும். முதலில் கடவுச்சீட்டைப் புதுப்பியுங்கள். பெர்லின் தூதரகம், பிராங்பர்ட், ஹாம்பர்க், மியூனிக் துணைத் தூதரகங்கள் ஆகிய நான்கில் உங்கள் மாநிலம் எதன் கீழ் வருகிறதோ அங்கே.

இடைக்காலத்தில் ஊருக்குப் போக வேண்டியிருந்தால் விண்ணப்பம் நிலுவையில் இருப்பதற்கான இடைக்காலச் சான்றாகிய 'ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங்' என்ற மடிப்புத் தாளைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் உள்ளே எந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பழைய அனுமதி தொடர்கிறது என்ற கட்டம் என்றால் போய்த் திரும்பலாம். வெறும் தங்கல் அனுமதிக்கப்படுகிறது என்ற கட்டம் என்றால் வெளியே போனால் திரும்ப நுழைய முடியாது. தாளோடு காலாவதியான அட்டையையும் கடவுச்சீட்டையும் சேர்த்தே வைத்திருங்கள். சென்னையில் செக்‑இன் செய்பவருக்கு இந்தத் தாள் பழக்கமில்லாமல் இருக்கலாம். நேராக ஜெர்மனியில் இறங்கும் விமானமாகப் பதிவு செய்து, மூன்று மணி நேரத்துக்கு முன்பே கவுன்டருக்குப் போய்விடுங்கள். போகிற இடத்தில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருந்துவிட்டால் பெரும்பாலான அனுமதிகள் தாமே ரத்தாகிவிடும். அவ்வளவு நாள் தேவைப்படுமென்று தெரிந்தால், கிளம்புமுன்னரே வெளிநாட்டவர் அலுவலகத்தில் கூடுதல் அவகாசம் எழுதி வாங்க வேண்டும்.